மாகாண ஆட்சியும் இராஜகோபாலாச்சாரியாரும்

யாம் பிறந்த நாகரசம்பட்டி கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சார்ந்த ஓர் எளிய ஊர். அவ்வூர் என்றும் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. அதனை ஆள்வோர்தம் எல்லைகளே இடம் பெயர்ந்து வந்துள்ளன. 1965-ம் ஆண்டுவரை அது சேலம் மாவட்டத்தினது. அவ்வாண்டு தருமபுரி மாவட்டம் பிரிந்தபொழுது அதனுட்பட்டது. 2004-ம் ஆண்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தினதாயிற்று. இவை கச்சேரிப் பலகையில் எழுத்து மாறிய அளவிலான மாற்றங்களே. இவற்றினும் ஆழ்ந்த மாற்றம் வேறொன்றுண்டு. ஊரிற் கள்ளுக்கடை இருக்கலாமா, உழவன் பட்ட கடனுக்கு வட்டி எவ்வளவு, வாணிகன் விற்ற சரக்கின்மீது வரி வாங்குவோர் யார், பள்ளிச் சிறுவன் எம்மொழி கற்றல் வேண்டும் என்பவற்றை முடிவு செய்யும் அதிகாரம் டில்லிக்குரியதோ சென்னைக்குரியதோ என்னும் வழக்கு நூறாண்டாக நடந்து வருகின்றது. அவ்வழக்கில் மாகாணத்தின் பக்கலிலும் மத்திய ஆட்சியின் பக்கலிலும் மாறி மாறி நின்றவர் ஒருவர் பழைய சேலம் மாவட்டத்தின் வடகோடியிற் பிறந்தார். அவரே சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். அன்னாருடைய இலக்கியப் பணியை நம் கல்லூரி மாணவர் நன்கறிவர். ஆதலின் அதனை ஈண்டுத் தொடாது, ஆட்சி அதிகாரத்தின் பங்கீட்டோடு இயைந்த அளவில் அன்னாரது வரலாற்றைக் கூறப் புகுந்தோம்.

ஆச்சாரியார் ஒசூரையடுத்த தொரப்பள்ளியில் 1878-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடார்ய ஐயங்கார் அவ்வூர் முன்சீப், தாயார் சிங்காரம்மாள். அரசாங்கம் என்னும் நெடிய ஏணியின் கடைசிப்படி கிராம முன்சீப் உத்தியோகம் என்பதை நினைவிற்கொள்க. அவ்வேணியின் தலைப்படிவரை மைந்தர் ஏறினார். ஒசூர்ப் பள்ளியிலும், மைசூர் நாட்டுப் பெங்களூரில் மத்தியக் கல்லூரியிலும், சென்னையிற் சட்டக் கல்லூரியிலும் பயின்று, 1900-ம் ஆண்டில் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராயிருந்தார். பின்னர்க் காந்தியடிகளைப் பின்பற்றி வருவாய் மிகுந்த தொழிலைத் துறந்ததும், வேலூர்ச் சிறையிலிருந்ததும், 1925-ல் திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆச்சிரமம் அமைத்ததும், 1930-ல் வேதாரணியத்துக்கு உப்பெடுக்கப் படை நடத்திச் சென்றதும் யாவரும் அறிந்தனவே.

எம் பொருளுக்கு வேண்டுவது 1922-ம் ஆண்டு கயையிற் கூடிய காங்கிரஸ் மகாசபையில் அன்னார் கொண்ட நிலையாகும். 1919-ம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியை ஏற்படுத்தியிருந்தது. கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம் போன்றவை மந்திரிகள் கையிலும், நிதி, போலீஸ் முதலிய முதன்மைத் துறைகள் கவர்னருடைய நிர்வாக அங்கத்தினர் கையிலும் இருந்தன. பள்ளிக்கூடம் கட்டவேண்டிய மந்திரி பணத்துக்குப் பிறர் முகத்தை நோக்கி நிற்கவேண்டும். இத்தகைய சட்டசபைகளுட் புகுவது வீண் என்று வாதித்தோருள் ஆச்சாரியார் முதல்வர். பதினைந்தாண்டு கழித்து அவரே சட்டசபை புகுந்து மந்திரிசபை அமைத்தார். இதனைக் கொள்கை மாற்றம் என்று பழித்தோர் உளர். அவர் மாறியது உண்மையே. ஆயினும் இடைப்பட்ட காலத்திற் சட்டமும் மாறியிருந்தது என்பதையும் உடன் நோக்குதல் முறை.

1935-ம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம் அதிகாரங்களை மூன்று பட்டியல்களாக வகுத்தது. மத்தியப் பட்டியலில் 59 பொருள்கள்; மாகாணப் பட்டியலில் 54; இருவர்க்கும் பொதுவானவை 36. பட்டியல்களுள் அடங்காத எஞ்சிய அதிகாரத்தை யாருக்கு அளிப்பதென்பதைக் கவர்னர் ஜெனரல் தம் விருப்பப்படி முடிவு செய்யலாம். சமஸ்தானாதிபதிகள் இணங்காமையால் இச்சட்டத்தின் சமஷ்டிப் பகுதி இறுதிவரை நடைமுறைக்கு வரவில்லை. மாகாணப் பகுதி மட்டும் 1937-ம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆகவே மாகாணங்கள் புதிய சட்டத்தின்கீழும் டில்லி பழைய ஏற்பாட்டின்கீழும் நடந்தன; ஒரு வண்டியில் புதிய சக்கரம் ஒன்றும் பழைய சக்கரம் ஒன்றும் பூட்டியதை ஒக்கும் இது.

சென்னைச் சட்டசபையின் 215 இடங்களுள் 159-ஐக் காங்கிரஸ் பெற்றது. எனினும் ஆச்சாரியார் உடனே பதவி ஏற்றாரல்லர். கவர்னருக்குத் தனிப் பொறுப்புகள் என்னும் பெயரால் மந்திரிகளை மீறும் அதிகாரம் சட்டத்தில் வைக்கப்பட்டிருந்தது. அன்றாட ஆட்சியில் அதனைப் பயன்படுத்துவதில்லை என்று உறுதி கூறவேண்டும் எனக் காங்கிரஸ் கோரியது. கூர்மா வேங்கடரெட்டி நாயுடு தலைமையில் இடைக்கால மந்திரிசபையொன்று மூன்றுமாத காலம் நடந்தது. ஜூன் மாதத்தில் இராஜப்பிரதிநிதி லின்லித்கோ பிரபு இணக்கமான விளக்கம் ஒன்றை வெளியிட்டபின், ஜூலை 14-ம் நாள் ஆச்சாரியார் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். கவர்னர் எர்ஸ்கின் பிரபுவுக்கும் அன்னாருக்கும் பெரும்பாலும் மனத்தாங்கலின்றியே ஆட்சி நடந்தது. சட்டத்தில் எழுதியிருந்த மீறும் அதிகாரம், எதிரே அமர்ந்தவர் சட்டத்தை வரிக்குவரி அறிந்த வழக்கறிஞராயிருந்தமையால், பெரும்பாலும் உறைக்குள்ளேயே கிடந்தது எனலாம்.

முதலிற் செய்யத் துணிந்தது மதுவிலக்கு. கள், சாராயம் பற்றிய அதிகாரமும் அவற்றின்மீது வாங்கும் தீர்வையும் மாகாணப் பட்டியலைச் சார்ந்தவை. ஆதலின் டில்லியின் இசைவை வேண்டி நிற்கவேண்டுவதில்லை. மாகாணம் முழுவதும் ஒரே நாளில் மூடுவது இயலாதென்று கருதித் தம் சொந்த மாவட்டத்தையே முதற்களமாகக் கொண்டார். 1937-ம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று சேலம் மாவட்டத்தினதாயிருந்த நாகரசம்பட்டியும் அதற்குட்பட்டது. சென்னையிற் சட்டசபையார் கைதூக்கியதால் பனைமரத்திற் கட்டிய கலயம் இறங்கியது என்னும் செய்தி, அதிகாரம் என்பது யாது என்பதை எம்மூர் முன்னோர்க்குப் பாடபுத்தகத்தினும் நன்கு விளக்கியிருக்கும். மரமேறிப் பிழைத்தோர்க்குப் பதநீரும் வெல்லமும் மாற்றுத் தொழிலாகக் காட்டப்பட்டன. அவை பழைய வருவாயை ஈடு செய்யப் போதியவையல்ல. இல்லங்களிற் குடியால் அழிந்த பொருள் எஞ்சிற்று என்று பெண்டிர் மகிழ்ந்ததும், மரமேறிகள் இடர்ப்பட்டதும் ஒருசேர உண்மை. அன்றியும் ஒசூர்ப் பக்கத்தில் நான்கு நாழிகை நடந்தால் மைசூர் சமஸ்தானம். அங்கே இச்சட்டம் செல்லாது. மாகாண அதிகாரத்துக்கு எல்லைக்கல் ஒன்றுண்டு என்பதை எல்லைப்புறத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1938-ல் சித்தூர், கடப்பை மாவட்டங்களிலும், 1939-ல் வட ஆர்க்காட்டிலும் மதுவிலக்கு விரிந்தது.

இனி வருவாய்க் கணக்குக்கு வருவோம். இவ்வரலாற்றின் உயிர்நிலை இதுவேயென்பது எம் துணிபு. அந்நாளில் மாகாண வருமானத்தில் நிலவரியையடுத்து நின்றது கள், சாராய வருமானமே. சுங்கம், வருமானவரி முதலிய வளமான வரிகள் டில்லியின் கையில் இருந்தன. அதிகாரம் வந்துற்றது, அதனை நடத்தப் பணம் வந்ததில்லை. இருந்த பணத்துள்ளும் ஒரு பெரும் பங்கைக் கொள்கையின்பொருட்டு விட்டுவிட முனைந்தவர், மாகாணப் பட்டியலை மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். அதன் 48-ம் இலக்கத்தில் சரக்கு விற்பனையின்மீது வரி என்னும் சில சொற்கள் இருந்தன. மத்திய மாகாணத்தார் பெட்ரோல் விற்பனைமீது விதித்த வரி செல்லுமென்று 1938-ம் ஆண்டு டிசம்பரில் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது அவ்வழியின் கதவைத் திறந்தது. 1939-ம் ஆண்டில் சென்னைப் பொது விற்பனை வரிச்சட்டம் பிறந்தது. எல்லாச் சரக்குக்கும் பொதுவான விற்பனை வரி இந்தியாவில் முதன்முதல் இம்மாகாணத்திலேயே ஏற்பட்டது. ஆண்டுக்குப் பதினாயிரம் ரூபாய்க்குக் குறைய விற்போர்க்கு வரியில்லை. இருபதினாயிரத்துக்கு மேற்பட விற்போர் நூற்றுக்கு அரை ரூபாய் செலுத்தவேண்டும். வணிகர் எதிர்த்தனர். அரை ரூபாய்தானே என்று ஆட்சியாளர் எண்ணினர். இன்று அரை, நாளை எவ்வளவோ என்று வணிகர் அஞ்சினர். வணிகரே காலத்தை நன்கு கணித்தனர் என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

நிலக்கடலை எண்ணெய் ஆட்டி விற்போர் இவ்வரியை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றனர். உற்பத்தி செய்தவனே முதலில் விற்கும்பொழுது அவ்விற்பனைமீது வரி வாங்குவது பெயரளவில் விற்பனை வரியேயன்றி உண்மையில் உற்பத்தித் தீர்வையாம். உற்பத்தித் தீர்வை டில்லிக்குரியது. ஆகவே மாகாணச் சட்டம் அவ்வளவிற் செல்லாது என்பது அவர்தம் வாதம். 1942-ல் சமஷ்டி நீதிமன்றம் இதனை ஏற்றிலது. உற்பத்தி வேறு, விற்பனை வேறு. விற்றவுடன் பிறக்கும் வரி மாகாணத்தின் வரியே என்று அது கொண்டது. டில்லி அரசாங்கம் அடங்கவில்லை. கவர்னர் ஜெனரலும் அவர் சபையுமே சென்னை மாகாணத்தின்மேல் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கு இலண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்று 1945-ல் மாகாணத்துக்கே வெற்றியாக முடிந்தது. மத்திய ஆட்சியும் மாகாண ஆட்சியும் வாதி பிரதிவாதிகளாக நிற்க, கடல் கடந்த நீதிபதிகள் நடுவிருந்து, ஓர் எண்ணெய்ச் செக்கின் வரியைப் பகுத்துக்கொடுத்த காட்சியை மாணவர் மனத்திற் கொள்க.

இதனையொட்டி இன்றைய நிலையைச் சிறிது கூறுதல் பொருந்தும். விற்பனை வரி பல்லாண்டு மாநிலத்தின் முதுகெலும்பாயிருந்தது. 1956-ல் மாநிலங்களுக்கிடைப்பட்ட விற்பனையின்மீது வரி விதிக்கும் அதிகாரம் மத்திய ஆட்சிக்குச் சென்றது. 1957-ல் துணி, சர்க்கரை, புகையிலை ஆகிய மூன்றின் விற்பனை வரியை மாநிலங்கள் விட்டுக்கொடுத்து, மத்திய ஆட்சி வாங்கும் கூடுதல் தீர்வையிற் பங்கு பெற்றன. 2016-ம் ஆண்டு அரசியலமைப்பின் நூற்றொன்றாம் திருத்தத்தின்படி, 2017-ம் ஆண்டு ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி வந்தது. அதன் விகிதங்களை மத்திய மாநில மந்திரிகள் கூடிய மன்றம் பரிந்துரைக்கின்றது. அம்மன்றத்தின் வாக்குகளில் மூன்றிலொரு பங்கு மத்திய ஆட்சியினது. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றிலிரு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆதலின் டில்லி இசையாமல் எதுவும் நடவாது; மாநிலங்கள் பெரும்பாலும் இசையாமலும் நடவாது. கைக்கடிகாரமும் மோட்டார் வண்டியும் செய்யும் ஒசூர் ஆலைகளின் சரக்கு லாரிகள் ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியில் வரிச்சீட்டுக் காட்டி நின்ற வழக்கம் அத்துடன் ஒழிந்தது. புதிய வரிக்குப் புறம்பாக மாநிலத்தின் கையிலேயே விடப்பட்டவற்றுள் முதன்மையானவை பெட்ரோல் முதலிய எண்ணெய்களும், மனிதர் அருந்தும் மதுவுமாம். மதுவின் வருவாயை விட்டொழிக்க ஆச்சாரியார் கண்டுபிடித்த வரியில் மாநிலத்தின் தனியுரிமை நீங்கிவிட, அவர் விட்டொழிக்க எண்ணிய வருவாய் மட்டும் தனியுரிமையாய் எஞ்சியிருக்கின்றது.

1937-ம் ஆண்டு மந்திரிசபைக்கு மீள்வோம். 1938-ம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் உழவரின் பழங்கடன்களைக் குறைத்தது. 1932-ம் ஆண்டு அக்டோபருக்கு முன் பட்ட கடனாயின் 1937 அக்டோபர்வரை நின்ற வட்டி முழுவதும் நீங்கும். அசலைப்போல் இருமடங்கு முன்னரே செலுத்தியிருந்தாற் கடனே தீர்ந்ததாகும். வானம் பார்த்த புன்செய் நிலத்தை நம்பிய எம் பகுதியார்க்கு இது எத்துணைப் பெரிய உதவி என்பதை விரிக்கவேண்டா. இதற்கும் அதிகார வழக்கு வந்தது. கடன் பெரும்பாலும் புரோநோட்டில் எழுதப்படுவது. புரோநோட்டு மத்தியப் பட்டியலைச் சார்ந்த பொருள். அதனை மாகாணம் எங்ஙனம் தொடலாம் என்று கடன் கொடுத்தோர் வாதித்தனர். சட்டத்தின் உயிரும் சாரமும் எப்பட்டியலைச் சார்ந்தவை என்று நோக்கவேண்டுமேயன்றி, அது வழியில் எதனைத் தொட்டுச் செல்கின்றது என்று நோக்குதல் கூடாதென்னும் நெறியைக் கொண்டு 1940-ல் சமஷ்டி நீதிமன்றம் சட்டத்தைக் காத்தது. பட்டியல்களின் வரம்பை அறுதியிட்டதில் சென்னை மாகாணத்துக்குப் பெரும் பங்குண்டு. அதற்குக் காரணர் வரம்பின் விளிம்புவரை சென்று உழுத இம்மந்திரியார்.

ஆயினும் அன்னார் செய்தன யாவும் நன்றென்று கூறுவார் கூற்று எமக்கு உடன்பாடன்று. கல்வி மாகாணப் பொருள். அவ்வதிகாரத்தைக் கொண்டே 1938-ல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். மாகாணத்துக்குக் கிடைத்த உரிமையை மாகாண மக்களின் மொழியுணர்ச்சிக்கு மாறாகச் செலுத்தியது பெரும் பிழையென்றே கருதுகின்றோம். தாய்மொழிப் பற்றால் மறியல் செய்தோர்மீது, முன்னாளில் தம் தொண்டர்மீது ஆங்கில அரசாங்கம் ஏவிய குற்றச் சட்டத் திருத்தச் சட்டத்தையே ஏவியது அதனினும் பெரிய பிழை. சிறைப்பட்டோருள் நடராசன், தாளமுத்து என்னும் இளைஞர் இருவர் 1939-ல் உயிர் நீத்தனர். மந்திரிசபை விலகியபின் 1940-ம் ஆண்டு பிப்பிரவரியில் அவ்வாணையை நீக்கியவர் ஆங்கிலக் கவர்னர். தமிழர் வேண்டியதைத் தமிழ் மந்திரி மறுக்க, அயலார் அளிக்குமாறு நேர்ந்தது.

அந்த மந்திரிசபை விலகிய வகையும் நோக்கத்தக்கது. 1939-ம் ஆண்டு செப்டம்பர் 3-ம் நாள் இராஜப்பிரதிநிதி இந்தியாவும் போரிற் புகுந்ததென அறிவித்தார். பதினொரு மாகாண மந்திரிசபைகளுள் ஒன்றையும் கலந்தாரல்லர். போரும் பாதுகாப்பும் மத்தியப் பொருள்கள். சட்டப்படி குற்றம் காண இயலாது. ஆனால் படைக்கு ஆள் தருபவை மாகாணத்து ஊர்கள். காங்கிரஸ் ஆணைப்படி அக்டோபர் இறுதியில் ஆச்சாரியார் பதவி துறந்தார். 93-ம் பிரிவின்கீழ்க் கவர்னர் ஆட்சி ஏற்பட்டது. இருபத்தேழு மாதம் உழைத்துக் கட்டியது ஒரே பிரிவின் வலியால் நின்றுபோயிற்று. விலகுவதில் அன்னாருக்கு உள்ளூர விருப்பமில்லை என்பர்; பின்னர் அவர் நடந்துகொண்ட முறை அதனை மெய்ப்பிக்கின்றது.

1942-ல் சென்னைச் சட்டசபைக் காங்கிரஸ் கட்சியாரைக் கொண்டு, முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஒப்பவேண்டும் என்று தீர்மானம் செய்வித்தமையால் தம் கட்சியாரின் சினத்துக்கு ஆளாகிக் காங்கிரசினின்றும் விலகினார். 1944-ல் அன்னார் வகுத்த திட்டம், முஸ்லிம்கள் மிகுந்த மாவட்டங்களில் மக்கள் வாக்கெடுத்துப் பிரிவினையை முடிவு செய்யலாம் என்றும், பிரிந்தாலும் பாதுகாப்பு, வாணிகம், போக்குவரத்து ஆகியவற்றுக்குப் பொது உடன்படிக்கை வேண்டும் என்றும் கூறியது. ஜின்னா அதனை ஏற்றிலர். எவ்வதிகாரம் பொதுவாயிருத்தல் வேண்டும், எது பிரியலாம் என்று பட்டியலிட்டுப் பார்க்கும் பழைய மந்திரியின் கண் இத்திட்டத்திலும் புலனாகின்றது.

விடுதலை வந்தபொழுது மேற்கு வங்கத்தின் கவர்னராகவும், 1948-ம் ஆண்டு ஜூன் 21-ம் நாள் முதல் கவர்னர் ஜெனரலாகவும் அமர்ந்தார். சில ஆண்டுகளுக்கு முன் எந்த ஆசனத்தினின்று சென்னை மாகாணத்தின்மேல் வழக்குத் தொடுக்கப்பட்டதோ அதே ஆசனத்தில், அவ்வழக்குக்கு மூலமான வரியை விதித்தவரே வீற்றிருந்தார். 1950-ம் ஆண்டு ஜனவரி 26-ம் நாள் அப்பதவியே ஒழிந்தது. புதிய அரசியலமைப்பும் மூன்று பட்டியல் முறையையே கைக்கொண்டது: 97, 66, 47 என்பன அவற்றின் அன்றைய எண்ணிக்கை. எஞ்சிய அதிகாரம் மத்திய ஆட்சிக்கே என்று முடிந்தது. பட்டேல் காலமானபின் உள்துறை மந்திரியான ஆச்சாரியார் 1951-ல் தடுப்புக் காவற் சட்டத்தை நீட்டிக்கும் மசோதாவை நடத்திக்கொடுத்தார். டில்லியில் அமர்ந்தகாலை டில்லியின் கை வலுக்கவேண்டுமென்றே அன்னாரும் எண்ணினார். அமர்ந்த ஆசனத்தின் உயரம் காட்சியை மாற்றுவது மனித இயல்பு போலும்.

1952-ம் ஆண்டுத் தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களுட் காங்கிரஸ் 152-ஐயே பெற்றது. கவர்னர் ஜெனரலாயிருந்தவர் மீண்டும் மாகாணத்துக்கு வந்து முதல் மந்திரியானார்; மக்கள் வாக்கால் அன்று, கவர்னர் ஸ்ரீ பிரகாசா மேல்சபைக்கு நியமித்த நியமனத்தால். 1937-ல் கவர்னரின் தலையீடு கூடாதென்று மூன்றுமாதம் காத்திருந்தவர்க்கு இது அழகன்றென்பது எம் கருத்து. ஆனால் வந்தவுடன் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது துணிவான செயல். நெல்லை ஓர் ஊரினின்று மற்றோர் ஊருக்குக் கொண்டு செல்ல உத்தரவுச் சீட்டுத் தேடி அலைந்த உழவர் அதனை மறந்திலர். 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தது. அவ்வாண்டு, சட்டசபையைக் கலவாமற் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் சிற்றூர்ச் சிறுவரின் பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய வேளையைப் பெற்றோர் தொழிலிற் கழிக்கச் சொல்லியது. குலக்கல்வியென்று நாடெங்கும் எதிர்ப்பெழுந்தது. 1954 ஏப்பிரலில் பதவி நீங்கினார். எதிர்த்தவர் பக்கமே நியாயமிருந்தது.

மொழிவழி மாகாணப் பிரிவினையை அன்னார் விரும்பியவரல்லர். 1956-ல் தென்னாட்டு மாநிலங்களை ஒன்றாக்கும் தட்சிணப் பிரதேச யோசனையை ஆதரித்தார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் ஒசூர்ப் பக்கத்திற் பிறந்தவர்க்கு அவ்விருப்பம் இயல்பே. அது நிறைவேறவில்லை. நவம்பர் முதல் நாள் கொள்ளேகாலம் மைசூருக்குச் சென்றது. ஒசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது.

1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, டில்லியின் உரிமச் சீட்டு ஆட்சியைத் தள்ளாத வயதிலும் சாடினார். 1938-ல் இந்தியைப் புகுத்தியவர் 1965-ல் இந்தியே ஆட்சிமொழி என்பதை எதிர்த்தார், 1967-ல் தி.மு.க.வோடு கூட்டுச்சேர்ந்து, தாம் வளர்த்த காங்கிரசைச் சென்னையில் வீழ்த்தத் துணை நின்றார். மத்திய மாநில உறவை ஆராய 1969-ல் தமிழ்நாட்டரசு அமைத்த இராஜமன்னார் குழு 1971-ல் தன் அறிக்கையை அளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் அவ்வரசே மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. வேண்டாவென்று முதியவர் மன்றாடியும் பயனில்லை. மதுவை விலக்கும் அதிகாரம் எப்பட்டியலில் இருந்ததோ, விலக்கை நீக்கும் அதிகாரமும் அதே பட்டியலில்தான் இருந்தது.

1972-ம் ஆண்டு டிசம்பர் 25-ம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில், தொண்ணூற்று நான்கு வயது நிரம்பியவராய், ஆச்சாரியார் காலமானார். தொரப்பள்ளியில் அன்னார் பிறந்த வீடு மாநில அரசினரால் நினைவில்லமாகப் பேணப்படுகின்றது. ஒசூருக்குச் செல்லும் நம் மாணவர் அங்குச் சென்று காணலாம். ஊருக்குள் நுழைந்து யாரை வினவினும் வழி காட்டுவர்.